கரையும் உடலும்

மகள் வயிற்றுப் பேரன் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டேன். காதில் செருகியிருந்த இரண்டு குமிழில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தான். 1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தின் போலீஸ் காட்சி. இன்ஸ்பெக்டராக ஜனகராஜ், அவர் எதைச் சொன்னாலும் மலைத்துப்போகிற கான்ஸ்டபிளாக ஆர்.எஸ்.சிவாஜி, வசனம் கிரேஸி மோகன். இருவரும் ஒன்றையுமே கண்டுபிடிக்கவில்லை, ஆனால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்ட தோரணையில் பேசிக்கொண்டே போகிறார்கள். மோகன் 2019இல் போய்விட்டார், சிவாஜி 2023இல். பத்து வயதுப் பையன் காதில் அவர்கள் இரண்டு நிமிடத் துண்டுகளாக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு காதாக நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, இந்தச் சிரிப்பை இதே தெருவில் நாற்பது ஐம்பது பேராக உட்கார்ந்து சிரித்த நாட்கள் எனக்குள் எழுந்து வந்தன.

அப்போது நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தது 'துப்பறியும் சாம்பு'. தேவன் எழுதிய கதை. ஆர்.மகாதேவன் என்ற இயற்பெயருடன் 1913இல் திருவிடைமருதூரில் பிறந்து, ஆனந்த விகடனில் ஆசிரியராக இருந்து, 1957இல் நாற்பத்து மூன்று வயதிலேயே மறைந்துபோன அந்த மனிதர், நாற்பதுகளில் சாம்புவை விகடனில் வாராவாரம் நடமாடவிட்டார். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து வேலையைப் பறிகொடுத்த ஒரு அசடு. எடுப்பான மூக்கு. பயத்திலோ புரியாமலோ அவன் உளறுகிற ஒரு வார்த்தையை இன்ஸ்பெக்டர் கோபாலன் துப்பு என்று எடுத்துக்கொண்டு பாய்வார், திருடன் அகப்படுவான், சாம்புவுக்குப் புகழ் வரும். அந்தப் புகழுக்குத் தான் என்ன செய்தோம் என்று சாம்புவுக்கே தெரியாது. வாசகருக்கு மட்டும் தெரியும். அந்த ரகசியத்தை நம்மோடு பங்குபோட்டுக்கொள்வதில்தான் தேவனின் அன்பு முழுவதும் இருந்தது என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது.

என் அப்பா தறிக்காரர். எங்கள் வீட்டுக் கூடத்தில் குழித்தறி. குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்தால், வெயில் ஏறுவதை எதிர்ச் சுவரில் பார்த்துத்தான் நேரம் சொல்வார். எழுதப் படிக்கத் தெரு முனைப் படிப்பகத்தில் கற்றுக்கொண்டவர். காஞ்சிபுரம் அண்ணா பிறந்த ஊர் அல்லவா, அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தறிக்காரர்களில் பலருக்குப் பள்ளிக்கூடமே படிப்பகம்தான். யாரோ ஒருவர் விகடனிலிருந்து கிழித்துச் சேர்த்து, ஊசிநூலால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்த சாம்பு கதைகள் எப்படியோ அப்பா கைக்கு வந்து, எங்கள் வீட்டில் பாவு நூலுக்கும் சரிகைக் கட்டுக்கும் அடுத்த மரியாதையோடு பரண்மேல் இருந்தன. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கும் தம்பிக்கும் எடுத்துக் கொடுப்பார். கையைக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு அது வந்து சேரப் பல வருஷங்கள் ஆயின, அதுவும் பட்டு முதலாளி ஒருவர் வீட்டுக்கு. எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த சென்னையைப் பிடிப்பதற்காக அவர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு நீளமான கம்பத்தில் ஆன்டெனா நின்றது. காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். ஒரு பையன் மேலே ஏறி அதைத் திருப்ப, இன்னொருவன் மாடிப்படியில் நிற்க, மூன்றாமவன் கூடத்திலிருந்து "தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு" என்று கத்த, அந்தச் சத்தம் படிப்படியாக மேலே போய் ஆன்டெனா மறுபடி அரை அங்குலம் நகரும். மூன்றாமவனாக நான் பல தடவை நின்றிருக்கிறேன். படம் தெளிந்து முகம் தெரிகிற அந்த நொடியில் கூடம் முழுக்க எழும் பெருமூச்சைப் போல ஒரு சுகத்தை, சுவர் அகலத்துக்குப் படம் காட்டும் இன்றைய பெட்டிகளில் நான் அனுபவித்ததில்லை.

அந்தப் பெட்டியில்தான் சாம்புவாகக் காத்தாடி ராமமூர்த்தி வந்தார். சோவின் 'இஃப் ஐ கெட் இட்' நாடகத்தில் காத்தாடி என்ற கார்ட்டூன்காரராக நடித்து, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்ட மேடைக்காரர். நாடக மேடையில் பழகியவர்களுக்கு வசனத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும், நிறுத்தினால் சிரிப்பு எவ்வளவு நேரம் வரும் என்பதும் தெரியும். அவர் நிறுத்துவார், முதலாளி வீட்டுக் கூடம் சிரித்து முடிக்கும், அதற்கென்றே காத்திருந்ததுபோல அடுத்த வார்த்தையைச் சொல்வார். எங்கள் சிரிப்பு அவருக்குக் கேட்கிறது என்றே என் தம்பி நம்பினான்.

தொடர் முடிந்ததும் ஒருவரும் நேராக வீட்டுக்குப் போகமாட்டார்கள். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளில் தன்னுடையதைத் தேடுகிறபோதே பேச்சு ஆரம்பித்துவிடும். தெருவிளக்கடியில் அது பெருகும், ஒவ்வொரு திண்ணையாக நின்று நின்று வீடு போய்ச் சேர மணி பத்தாகிவிடும். அந்த முதலாளியின் தாயார், இளம்வயதிலேயே விகடனில் சாம்புவைப் படித்தவர், "எல்லாம் சரி, வேம்பு மட்டும் என் வேம்பு இல்ல" என்று சாம்புவின் மனைவியைப் பற்றி வாராவாரம் ஒரே தீர்ப்பைச் சொன்னார். எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஒரு கான்ஸ்டபிள், போலீசைக் கிண்டல் செய்கிறார்களே என்று கோபப்படுவார் என நாங்கள் பயந்திருக்க, எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் அவர்தான். "பாதி கேஸு இப்படித்தாம்பா முடியுது. எவனோ ஒருத்தன் எதையோ ஒளறுவான், அதைப் புடிச்சுக்கினு போனா ஆளு அங்க இருப்பான்" என்று சொல்லிவிட்டு, "வெளிய சொல்லாதீங்க" என்பார். வைகாசியில் வரதர் கருட சேவைக்காக விடியற்காலை இருட்டில் காத்து நிற்கும்போதுகூட, பக்கத்தில் நின்ற இருவர் இன்ஸ்பெக்டர் கோபாலன் நிஜமாகவே ஏமாறுகிறாரா, இல்லை சாம்புமேல் உள்ள பிரியத்தால் ஏமாந்தது போல இருக்கிறாரா என்று வாதாடிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். கோபுர வாசல் திறந்து குடை தெரிந்ததும் கையைக் கூப்பினார்கள். பெருமாள் கடந்து போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அப்பாவின் கருத்துத்தான் எனக்கு வேதம். முதல் வாரம் பார்த்துவிட்டு வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தறியில் உட்கார்ந்து, நாடாவைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "கரை நல்லா வந்திருக்குது. உடலைக் காணோமே."

கோர்வைப் புடவை நெய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். காஞ்சிபுரம் கோர்வையில் கரையும் உடலும் வெவ்வேறு நிறம், வெவ்வேறு நாடா. ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா வாங்கிக் கொடுக்க ஒரு பையன் தறியின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு இழையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி சரியாக விழுந்தால் புடவை கிழிந்தாலும் அந்த இடம் பிரியாது என்பார்கள். தேவனின் கதையில் பேச்சு கரை. பளபளப்பது, கண்ணில் படுவது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது, சாம்பு வாய்திறக்காமல் விழிக்கும்போது அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று எழுத்தாளர் நம் காதோரம் சொல்லும் அந்த நிதானமான குரல். பெட்டியில் அந்தக் குரலுக்கு இடமில்லை. அதனால் எல்லாவற்றையும் ஆட்கள் பேசியே தீர்க்க வேண்டியிருந்தது. அப்பா சொன்னது இதைத்தான், ஐந்து வார்த்தையில்.

அப்போது நான் பச்சையப்பன் கல்லூரியில் முதல் வருஷம். அப்பாவின் வார்த்தையை என்னுடையதாக்கிக்கொண்டு கொதித்தேன். தேவனுக்கு அநியாயம் நடக்கிறது, அதைத் தடுக்க வேண்டியவன் நான் என்று மனதாரத் தோன்றியது. சென்னைத் தொலைக்காட்சியில் நேயர்களின் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்ல 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. அதில் தன் பெயரும் ஊரும் ஒருமுறை உச்சரிக்கப்பட வேண்டும் என்று ஆசைப்படாத இளைஞன் அன்று தமிழ்நாட்டில் இருந்திருக்கமாட்டான். பதினைந்து காசுக் கார்டு வாங்கி, இடம் போதாமல் எழுத்தைச் சிறுக்கி, ஓரத்தில் மேல்நோக்கி வளைத்தும் எழுதினேன். நூலைப் படித்தவர்கள் யாரும் இந்தத் தொடரை ஏற்கமாட்டார்கள் என்பது கடைசி வரி.

கார்டை எழுதி முடித்தபோது அம்மா பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் ஒரு புடவைக்குப் பின்னால் இருக்கும் பெண்களின் உழைப்பு முழுவதும் இந்த ராட்டைச் சத்தத்தில்தான் கரைந்திருக்கிறது. நூல் பிரிப்பது, தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, அத்தனையும் அவர்கள் கை. புடவையை நெய்தவர் என்று பெயர் வாங்குகிறவர் குழிக்குள் உட்கார்ந்த ஆண். அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

"இன்னாடா எழுதின, படி" என்றாள். படித்தேன். கடைசி வரி வந்ததும் ராட்டையை நிறுத்தினாள்.

"படிக்காதவங்க?"

நான் பேசவில்லை.

"நீயும் உங்கப்பாவும் பரண்லேர்ந்து எடுத்து எடுத்துப் படிச்சுச் சிரிப்பீங்க. நான் அடுப்பங்கரையில இருந்து இன்னாத்துக்குச் சிரிக்கிறாங்கன்னு பார்த்துக்கினு இருப்பேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எனக்குப் படிச்சுக் காட்டியிருக்கீங்களா? அந்த சாம்புவ நான் இப்பத்தான்டா பாக்கறேன்."

முதலாளி வீட்டுக் கூடத்தில், சமையலறை நிலைப்படியை ஒட்டி நின்றுகொண்டே பார்த்த பெண்களின் வரிசை அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பழையதா புதியதா, உடல் இருக்கிறதா இல்லையா என்று ஆண்கள் தெருவிளக்கடியில் வாதாடிக்கொண்டிருக்க, அவர்கள் சாம்புவை முதல்முறையாகச் சந்தித்துவிட்டு, கரி அடுப்பை மறுபடி மூட்டுவதற்காக வேகமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கருத்தை யாரும் கேட்டதில்லை. கார்டை நான் தபாலில் போடவில்லை.

அன்று ராத்திரியே பரணிலிருந்து தைத்த புத்தகத்தை இறக்கினேன். அதன்பிறகு எத்தனையோ ராத்திரிகள். இன்று என் மருமகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போகிறார், கூடத்துக் குழியை மூடிச் சலவைக்கல் போட்டாகிவிட்டது, வீட்டில் நான்கு பேரும் நான்கு திரையில் நான்கு கதை பார்க்கிறோம். யார் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், நிலைப்படியில் யாரும் நிற்க வேண்டியதில்லை. என் அம்மாவுக்கு இது கிடைத்திருந்தால் என்று நினைக்கும்போது, பழைய நாட்களுக்காக ஏங்குகிற என் நாக்கு கொஞ்சம் அடங்கிப்போகிறது. ஆனாலும் மூடிய குழிமேல் நடக்கும்போதெல்லாம் கால் தானாக ஓரமாக ஒதுங்குகிறது.

அந்த ராத்திரிகளில் நான் விளக்கைப் பார்த்து உட்கார்ந்து படிப்பேன். அம்மா எனக்குப் பின்னால் இருப்பாள். அவள் முகம் தெரியாது, ராட்டைச் சத்தம் மட்டும் கேட்கும். சிரிப்பு வந்தால் ராட்டை நிற்கும். சிரித்து முடித்துவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பிப்பாள், நானும் காத்தாடி ராமமூர்த்தியைப் போல அதுவரை காத்திருந்துவிட்டுத் தொடர்வேன். வசனம் வருகிற இடங்களில் எல்லாம் ராட்டை நின்றது. ஒரு நாள், ஒருவருமே பேசாத ஓர் இடம். எல்லோரும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, சாம்பு சும்மா நிற்கிறான், அவன் மனதுக்குள் ஓடுவதைத் தேவன் அரைப் பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டு போகிறார். அப்பாவும் குழிக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தினார். ராட்டை நின்றுவிட்டது. வெகுநேரம் சுற்றவில்லை.

"இது டி.வி.யில வரலியேடா" என்றாள் அம்மா. "இன்னொரு தரம் படி."