நாடி சோதிடம் பார்க்கும் மீட்டருக்கு ஒரு விண்ணப்பம்

முக்காலத்தில் இறந்தகாலத்தை மட்டும் துல்லியமாக உணர்ந்த தமிழ்நாட்டு மின்வாரியப் பெருந்தகைகளுக்கு,

கோடைக் கணக்கீடு முடிந்து, ‘501 யூனிட்’ என்று குறுஞ்செய்தி வாங்கிக்கொண்ட வீடுகளின் சார்பில் வணக்கம். தங்கள் திறமைக்கு முன்னால் வைத்தீஸ்வரன் கோயில் நாடி சோதிடர்களும் ஓலையைக் கட்டிவைக்க வேண்டியதுதான். அவர்கள் கட்டைவிரல் ரேகை கேட்பார்கள். தங்களுக்கு இணைப்பு எண்ணே போதும். ஆனால் அவர்கள் நடந்ததைச் சொல்லி அசத்திய பிறகு, வரப்போவதையும் இரண்டு வரி சொல்வார்கள். தாங்களோ அறுபது நாள் கழித்து நடந்ததைச் சொன்ன கையோடு பரிகாரத் தொகைக்கு வந்துவிடுகிறீர்கள். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958. இரண்டாவது நூறு யூனிட்டுக்கான பாதி விலைச் சலுகை பறிபோவதால், அந்த ஒற்றை யூனிட்டின் விலை அப்போதே 233 ரூபாய். 2024-இல் கட்டணம் மீண்டும் ஏறியதே தவிர, அந்தப் படி இடிக்கப்படவில்லை.

இப்படி 500 என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, அது இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வீட்டாருக்குத் தெரியாமல் காப்பதற்குத் தனித்திறமை வேண்டும். மாடிப்படிக்கு அடியில் மீட்டர் இருக்கத்தான் இருக்கிறது. சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது, திரையில் எண்கள் மாறி மாறி ஓடுகின்றன. அவற்றில் யூனிட் எது, வோல்ட் எது என்று கண்டுபிடித்து, போன தடவை எண்ணை வெள்ளைக் கணக்கீட்டு அட்டையில் தேடிக் கழித்து, வந்ததை 500-இலிருந்து மறுபடி கழித்தால் விடை கிடைக்கும். இதுகூட முடியாதா என்பீர்கள். முடியும், கொஞ்சம் படித்தால் ஜாதகக் கட்டமும் போடலாம். ஆக்ஸ்போர்டின் சாரா டார்பி பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் எழுதிய அறிக்கையின்படி, கண்ணெதிரே உடனுக்குடன் தெரியும் தகவல் 5 முதல் 15 சதவீதம் வரை மிச்சப்படுத்தியது. பில்போலப் பிந்தி வருவது 0 முதல் 10 வரை. அந்தப் பூஜ்யத்தில் நம் வெள்ளை அட்டையின் சாயல் தெரிகிறது.

ஸ்மார்ட் மீட்டர் வரும், பொறுங்கள் என்பீர்கள். நாடு முழுக்க 25 கோடி மீட்டர் என்ற இலக்குக்கு 2025 மார்ச் கெடுவாக இருந்தது; அந்தப் பெயர்ச்சி எங்கள் ராசியை எட்டவில்லை. எட்டினாலும், எல்லா வீட்டுக்கும் ஒரே ஜாதகத்தை எழுதிவிடுவீர்களோ என்பதுதான் பயம். இத்தகைய கருவிகளெல்லாம் வரைபடம் பார்த்து மகிழும் ‘ரிசோர்ஸ் மேன்’ என்ற கற்பனை ஆண்மகனுக்காகவே செய்யப்படுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் யோலாண்டே ஸ்ட்ரெங்கர்ஸ் 2013-இலேயே எழுதிவிட்டார். நம் ஊர் ஆண்மகன் பகலில் அலுவலக ஏசியில் இருக்கிறார். குறுஞ்செய்தி அவர் கைபேசிக்குப் போகிறது. கிரைண்டரையும் மோட்டாரையும் போடுகிறவருக்கு அது போவதில்லை. சப்-மீட்டரில் குடியிருக்கும் வாடகைக்காரருக்குப் படியும் இல்லை, சலுகையும் இல்லை. வீட்டுக்காரர் வாயில் வருவதே கட்டணம். வாடகைக்காரருக்கு வேண்டியது யூனிட் விலை எழுதிய ரசீது. ஒரு மின்விசிறி, ஒரு டிவி, ஒரு பிரிட்ஜ் என்று 150 யூனிட்டில் வாழும் வீட்டில் குறைப்பதற்கு எதுவுமில்லை. அங்கே ஸ்மார்ட் மீட்டர் சிவப்பு எச்சரிக்கை காட்டினால் அது அறிவுரையா, அவமானமா?

கணக்கீடு நான்கு நாள் தள்ளிப்போனால், நாளுக்கு எட்டு யூனிட் ஓடும் வீடு 480-இலிருந்து 512-க்குப் போய்விடும். தாமதம் ஒருவருடையது, தண்டம் இன்னொருவருக்கு. எல்லைக்கல்லை மறைத்துவைத்துவிட்டு, தாண்டியவனிடம் பணம் பிடுங்குவதற்குப் பெயர் கட்டணக் கொள்கை இல்லை, வழிப்பறி. மன்னிக்க வேண்டும், நாக்கில் சனி.

எல்லோரும் 499-இலேயே நின்றுவிட்டால் வருமானம் என்னாவது என்று தாங்கள் கவலைப்படுவது நியாயம்தான். அப்படியானால் டிசம்பர்தோறும் மின்சிக்கன வாரப் பேரணி நடத்தும் செலவையாவது மிச்சப்படுத்தலாம். இல்லையென்றால் ஒரு எளிய பரிகாரம் உண்டு, கருவியே வேண்டாம். இன்றைய மீட்டர் எண் 12,340 என்று எழுதும்போது, பக்கத்திலேயே ‘எல்லை 12,840’ என்றும் எழுதிவிடுங்கள். குறுஞ்செய்தியிலும் அதைச் சேருங்கள். 150 யூனிட் வீட்டுக்கு, பாதி விலை முடியும் 200-இன் எல்லையைப் போடுங்கள். கழித்தல் தெரியாத பாட்டியும் இரண்டு எண்களை ஒப்பிட்டுவிடுவார்.

இப்படிக்கு,
தற்சமயம் 497-இலோ 503-இலோ இருக்கும் நுகர்வோர்