பதினோராவது பெட்டி

1998. எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். டர்போ சி-யின் நீலத் திரை, சட்டைப் பையில் 1.44 எம்.பி. ஃப்ளாப்பி. பத்துப் பாட மதிப்பெண்களைக் கூட்டும் ப்ரோகிராம் எழுதியிருந்தேன். ஒரு தடவை சரியான கூட்டுத்தொகை வந்தது. அடுத்த தடவை மூவாயிரத்துச் சொச்சம். எல்லாவற்றிலும் நூறு வாங்கினாலும் ஆயிரம்தானே வரவேண்டும்? "சிஸ்டம் சரியில்ல மேடம்" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

மேடம் திரையைப் பார்க்கவே இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போடச் சொன்னார். "இப்ப நீதான் கம்ப்யூட்டர். ஒவ்வொரு வரியா ஓடு." இதற்கு டிரை ரன் என்று பெயர். முக்கால் மணி நேரம் பென்சிலோடு ஓடினேன். சி மொழியில் மதிப்பெண்களை வைக்கும் பெட்டிகளின் எண் 0-இல் தொடங்கும். பத்தாவது பெட்டியின் எண் 9. நானோ 'பத்துக்குக் கீழே' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பத்து வரை' என்று எழுதியிருந்தேன். என்னுடையதல்லாத பதினோராவது பெட்டியில் கிடந்த குப்பையும் கூட்டலில் சேர்ந்துவிட்டது. சி அதைத் தடுக்காது. அங்கே பூஜ்யம் கிடந்தபோது விடை சரியாக வந்திருக்கிறது. தப்பான விடையைவிட அந்தச் சரியான விடைதான் என்னைப் பயமுறுத்தியது. அதன்பின் ஓடுகிற ப்ரோகிராமையும் சந்தேகிக்கப் பழகினேன்.

இன்று புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். இயந்திரத்தைக் குறை சொல்பவர்கள் குறைவு. "ஸாரி சார், நான்தான் சொதப்பிட்டேன். எனக்கு கோடிங் வராது போல" என்கிறார்கள். பணிவு என்று நினைத்து முதலில் மகிழ்ந்தேன். அது பயம். ப்ரோகிராமையும் தன்னையும் ஒன்றாக நினைப்பதில் என் வீம்புக்கும் அந்தப் பயத்துக்கும் வித்தியாசமே இல்லை. கணினி நிரலாக்கத்தின் உளவியல் பற்றி ஜெரால்ட் வெயின்பர்க் 1971-இல் எழுதிய புத்தகம் இதைத்தான் பேசுகிறது: எழுதியவர் ப்ரோகிராமைத் தன் சொத்தாக நினைத்தால் பிழை அவர் கண்ணில் படாது, அடுத்தவர் படிக்கக் கொடுக்க வேண்டும். கோட் ரிவ்யூவில் கூனிக் குறுகி உட்காரும் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சொல்லி வருவதில்லை.

போன மாதம் கண் கலங்கி நின்ற ஒரு பெண்ணிடம் நோட்டையும் பென்சிலையும் நீட்டினேன். கட்டம் போடக் கற்றுக்கொடுத்துவிட்டு நகர்ந்தேன். அரை மணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"சார், கடைசிச் சுத்துல இந்த மதிப்பு ஏன் மாறல?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.