புள்ளி வைத்த நோட்டு

கே: சிக்கனம், சுதந்திரம், சுயமுன்னேற்றம் என்று ஊருக்குப் புத்தி சொன்ன பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தானும் அப்படி நடந்தாரா?

ப: சிக்கனத்தில் குறையில்லை. 16 வயதில் கறியை விட்டார்; அண்ணன் சாப்பாட்டுக்குத் தந்த காசில் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார். 13 நற்குணங்களுக்கு ஒரு சின்ன நோட்டுப் போட்டு, தவறும்போதெல்லாம் கரும்புள்ளி வைத்தார். 'ஒழுங்கு' வரிசையில்தான் புள்ளிக்குப் பஞ்சமே இல்லை. காகிதத்தை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் கடைசிவரை வரவில்லையாம். (என் மேஜையைப் பற்றி இனி வீட்டில் யாரும் பேசக் கூடாது!) சுதந்திரமா? வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர், அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுவில் கையெழுத்திட்டது 1790இல், இறந்த வருஷம். நோட்டில் 'நீதி'க்கும் ஒரு வரிசை உண்டு. அந்தப் புள்ளி மட்டும் தாமதமாக விழுந்தது.