ஜூலை முதல் தேதி அரிமா

ஜூன் 30-ஆம் தேதி ராத்திரி கடையைச் சாத்துகிற வரைக்கும் அவர் திருப்பாப்புலியூரில் பெயிண்டும் பி.வி.சி. பைப்பும் விற்கிறவர். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது அரிமா சங்கத் தலைவர். அரிமா சங்கங்களுக்கு, அதாவது லயன்ஸ் கிளப்புகளுக்கு, ஆண்டு பிறப்பது ஜூலை முதல் தேதியில்தான்; ரோட்டரிக்கும் அப்படியே. தை முதலா சித்திரை முதலா என்று நாம் அடித்துக்கொண்டிருக்க, அவர் சத்தமில்லாமல் ஆனி மாதத்து நடுவில் புத்தாண்டு கொண்டாடிவிடுவார். சத்தமில்லாமல் என்பது பேச்சுக்குச் சொன்னது. மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து திருவந்திபுரம் மலையடிவாரம் வரைக்கும் ஃபிளெக்ஸ் நிற்கும். அதில் அவர் கோட்டு போட்டுக் கைகூப்பியிருப்பார். கடலூர்ப் புழுக்கத்தில் கோட்டு போடுகிறவர்கள் இரண்டே ஜாதி: கல்யாண வரவேற்பு மாப்பிள்ளை, அரிமா தலைவர். மாப்பிள்ளை ஒரு ராத்திரியோடு கழற்றிவிடுவார்.

பெயருக்கு முன்னால் ‘அரிமா’, பின்னால் ‘எம்.ஜே.எஃப்.’. பார்ப்பவர்கள் லண்டன் படிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அரிமா இயக்கத்தின் சர்வதேச அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் கொடுத்தால் மெல்வின் ஜோன்ஸ் ஃபெல்லோ. அதன் சுருக்கம்தான் அது. மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த மூன்று எழுத்தை விட்டுவிட்டார்களென்று அச்சகத்தில் மறுபடி அடிக்கச் சொன்னவரை எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கின எழுத்தை எங்கே போட்டால் என்ன? ஊரில் ஒரு பைசா கொடுக்காமல் ‘வள்ளல்’ என்று போட்டுக்கொள்கிறவர்கள் இல்லையா?

மேடை ஏறினால் 1917-லிருந்துதான் ஆரம்பிப்பார். “சிக்காகோ மாநகரிலே, மெல்வின் ஜோன்ஸ் என்கிற ஒரு சாதாரண இன்சூரன்ஸ்காரர்...” என்று தொடங்கி, 1925-இல் ஹெலன் கெல்லர் அம்மையார் அரிமாக்களின் மாநாட்டுக்கு வந்து, கண்ணில்லாதவர்களுக்கு நீங்கள் காவலர்களாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டது வரைக்கும் கொண்டுவந்து, அங்கே தொண்டை கம்மி, ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் கம்மும். அது நடிப்பு என்று அவர் மனைவி சொல்வார். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.

பதவியேற்பு விழாவில் நலத்திட்டம் ஒன்று கட்டாயம் உண்டு. பெரும்பாலும் தையல் மெஷின். மறுநாள் பேப்பரில் வரும் படத்தில் மெஷினைச் சுற்றிப் பதினோரு பேர் நிற்பார்கள். தேரிழுப்பில் வடம் எட்டாதவர்கள் வடம் பிடித்தவரைத் தொட்டுப் புண்ணியம் சேர்ப்பதுபோல, மெஷின் எட்டாதவர்கள் எட்டியவர்களின் தோளைத் தொட்டிருப்பார்கள். மெஷினை வாங்க வந்த பெண்ணின் முந்தானை மட்டும் இடது ஓரத்தில் கொஞ்சம் தெரியும். மரக்கன்று நடுவதையும், நட்டதை ஆடு மேய்வதையும் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் அந்தக் குழிப்பக்கம் போகவில்லை.

சங்கத்தில் ‘டெயில் ட்விஸ்டர்’ என்று ஒரு பதவி. கூட்டத்துக்கு பேட்ஜ் குத்தாமல் வந்தாலும், பக்கத்தில் இருப்பவரோடு பேசினாலும் அபராதம் போட்டு உண்டியலில் வசூலிப்பது அவர் வேலை. ஆனால் அவருக்கு அபராதம் போட வேண்டுமென்றால் வந்திருக்கிற அத்தனை பேரும் ஒருமனதாகக் கை தூக்க வேண்டுமாம். நம் ஊரில் வந்திருக்கிற அத்தனை பேரும் ஒருமனதாக இருப்பது சாப்பாட்டுக்கு மட்டும்தான் என்பதால், அந்தப் பதவிக்குத் தலைவர் பதவியைவிடப் போட்டி அதிகம்.

தலைவர் பதவிக்கே இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் என்ன ஆகும் என்று கேட்கலாம். புதுச் சங்கம் ஆகும். இருபது பேரைத் திரட்டினால் புதுச் சங்கத்துக்குச் சாசனம் வாங்கிவிடலாம். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘சிட்டி’, ‘மிட்டவுன்’, ‘ராயல்’ என்று ஒரு வால் சேர்த்துக்கொண்டால் சரி. பங்காளிச் சண்டையில் சொத்துத் துண்டுபடும். இவர்கள் சண்டையில் கண் சிகிச்சை முகாம் இரண்டாகும். சண்டை இன்னும் கொஞ்சம் வலுத்தால் மாவட்டத்தில் கண்புரையே மிச்சமிருக்காது என்று எங்கள் டீக்கடையில் ஒருவர் சொன்னார்.

திருவந்திபுரம் அவருக்கு மிகவும் தோதான ஊர். கீழே தேவநாத சுவாமி, எழுபத்து நான்கு படி ஏறினால் ஔஷதகிரியில் ஹயக்ரீவர். கல்விக்குத் தெய்வம் குதிரை முகத்தோடு மேலே இருப்பதால், பொதுத்தேர்வு நெருங்கினால் பள்ளிப் பிள்ளைகள் பேனாவும் கையுமாக வரிசை கட்டுவார்கள். தலைவர் விடுவாரா? ஹயக்ரீவர் சந்நிதியில் வைத்து எடுத்த பேனா, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இலவசம். பேனாவின் உடம்பில் சங்கத்தின் பெயர், தலைவர், செயலாளர், பொருளாளர், வட்டாரத் தலைவர் எல்லோரும் அச்சாகியிருந்தார்கள். ரீஃபில் தீருகிற வரை படித்தாலும் பெயர்கள் தீராது.

முகூர்த்த நாளில் அந்த மலையைப் பார்த்தவர்களுக்குத்தான் அடுத்தது புரியும். ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்யாணம் நடக்கிற இடம். ஒரு ஜோடிக்குத் தாலி ஏறும்போதே அடுத்த ஜோடி மாலையோடு பின்னால் நிற்கும். எந்த நாதஸ்வரம் யார் வீட்டுக் கெட்டிமேளம் என்று வாசிக்கிறவருக்கே சந்தேகம் வரும். சித்திரையில் அப்படி ஒரு முகூர்த்த நாளைப் பார்த்து, சன்னதித் தெருவோரம் நீர்மோர்ப் பந்தல் போட்டார்கள். ரிப்பன் வெட்ட வந்த விருந்தினருக்கு ரோஜா மாலை, சரிகை சால்வை. தலைவர் 1917-இல் இருந்தார். பானையில் மோர் புளித்துக்கொண்டிருந்தது. ஹெலன் கெல்லர் வருவதற்குள் ஒரு தடவை சுவாமி பார்த்துவிட்டு வந்துவிடலாமென்று விருந்தினர் மாலையும் சால்வையுமாகப் படியேறியிருக்கிறார்.

மேலே வியர்த்து விறுவிறுத்து ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். “எங்க சம்பந்தி போயிட்டீங்க? ஐயர் ரெண்டு தரம் கேட்டுட்டாரு, வாங்க வாங்க!” விருந்தினர் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் மணமேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் அட்சதையையும் கொடுத்துவிட்டார்கள். இழுத்து வந்தவர் பெண்ணுக்குத் தாய்மாமனாம். மாப்பிள்ளையின் அப்பாவை அதுவரை போட்டோவில் மட்டும் பார்த்தவர். தாலி கட்டி முடித்த பிறகுதான் உண்மையான சம்பந்தி, கீழே நீர்மோர்ப் பந்தலில் பிடிபட்டார். மாலையும் பட்டு வேட்டியுமாக வந்தவரை, தலைவர் தப்பிப்போன விருந்தினர் என்று நினைத்து ரிப்பன் வெட்ட வைத்துப் படமும் எடுத்து முடித்திருந்தார். அந்தப் படம் அரிமா மாவட்ட ஆளுநருக்குப் போன அறிக்கையில் இருக்கிறது.

அறிக்கை என்றதும் செயலாளரைச் சொல்ல வேண்டும். அரிமா இயக்கத்துக்கு அப்போது உலகளாவிய சேவைத் துறைகள் ஐந்தாக இருந்தன: நீரிழிவு, பார்வை, பசி, சுற்றுச்சூழல், குழந்தைப் புற்றுநோய். மோர் கொடுத்தது பசி. பிளாஸ்டிக் டம்ளருக்குப் பதில் மண் குவளை வைத்தது சுற்றுச்சூழல். மூலையில் ஒரு மேசை போட்டு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தது நீரிழிவு. கண் முகாம் நோட்டீஸ் கொடுத்தது பார்வை. ஒரு பானை மோரில் நாலு சேவை! ஐந்தாவதைச் சேர்க்க அவருக்கே மனம் வரவில்லை. அதற்குத் தனியாகப் பணம் வசூலித்து அனுப்பினார்கள், ஃபிளெக்ஸ் இல்லாமல். மறந்துபோயிருக்கும் என்று எதிர்ச்சங்கத்தார் சொன்னார்கள்.

இந்த ஆள்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கடலூர்க்காரன் ரொம்ப நேரம் கேலி செய்ய முடியாது. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்துக்கு முதலில் மூட்டை தூக்கிக்கொண்டு ஓடினவர்களில் இவர் வகையறாவும் உண்டு. மூட்டையில் பழைய துணி. அப்போது கரையெங்கும் பழைய துணி மலையாய்க் குவிந்து, வாங்க ஆளில்லாமல் கிடந்தது, மீனவர்கள் மானஸ்தர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்து முந்திரியையும் பலாவையும் கரண்டு கம்பத்தையும் ஒன்றாகச் சாய்த்துப்போட்டபோது, அவர் துணி எடுக்கவில்லை. “என்னா வேணும்?” என்று முதலில் கேட்டார். ஜெனரேட்டர் என்றார்கள். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றக் கரண்டு இல்லை. எங்கிருந்தோ ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போனார். ஜெனரேட்டரின் நாலு பக்கமும் பேனர் கட்டியிருந்தது உண்மைதான். தண்ணீர் ஏறியதும் உண்மைதான்.

ரோட்டரிக்காரர்களைப் பிடிக்காது அவருக்கு. ஆனால் போலியோ விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டார். 1985-இலிருந்து அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, அரசாங்கத்தோடும் உலக சுகாதார நிறுவனத்தோடும் சேர்ந்து நின்றார்கள். நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு பெண்குழந்தை. 2014 மார்ச் 27-இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. சொட்டு மருந்து முகாமில் இவரும் நின்று, குழந்தைகளின் சுண்டுவிரலில் மை வைத்தார். எதிர்ச்சங்கத்தின் ஆல்பத்தில் அவர் கை மட்டும் இருக்கிறது. முகத்தை வெட்டிவிட்டார்களென்று இன்னும் ஆற்றாமை.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, ஊரே அவரைக் கண்டு பயப்படுகிற விஷயம். கண் தானம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும் என்பதால், சாவு விழுந்தது தெரிந்ததும் ஸ்கூட்டர் கிளம்பிவிடும். ஒப்பாரிக்கு நடுவில் போய் மூத்த மகனைத் தனியே கூப்பிட்டு, ஃபேனை நிறுத்தச் சொல்வார். இமையை மூடி ஈரப்பஞ்சு வைக்கச் சொல்வார். தலைக்கு ஒரு தலையணை கொடுக்கச் சொல்வார். கண்ணாடி போட்டவர் கண்ணும் ஆகும், புரை ஆபரேஷன் ஆனவர் கண்ணும் ஆகும், முகம் கோரமாகாது, டாக்டர் வந்து அரை மணிக்குள் வேலை முடிந்துவிடும் என்பார். அடி வாங்கியிருக்கிறார். சரி என்று சொல்ல வைத்தும் இருக்கிறார். விளைவு, படுத்த படுக்கையாக யாராவது இருக்கிற தெருவில் அவர் ஸ்கூட்டர் சும்மா போனாலே பெண்கள் கதவைச் சாத்துகிறார்கள். “அய்யாவுக்கு இப்ப தேவலையா?” என்று நல்ல மனதோடு கேட்டாலும் பதில் வராது.

கண் முகாமுக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஆட்டோவில் மைக் கட்டிவிடுவார். திருமாணிக்குழி, கே.என்.பேட்டை, பாதிரிக்குப்பம், பாலூர் என்று சுற்றும். அறிவிப்பைக் கூலிக்கு விட மாட்டார், சொந்தக் குரல். “அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே” என்று அடிவயிற்றிலிருந்து வரும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். பிரஷர், சர்க்கரை பார்ப்பார்கள். புரை முற்றியவர்களைப் பஸ்ஸில் ஏற்றிப் புதுச்சேரிக்கு, தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு. அரவிந்துக்கும் அரிமாக்களுக்கும் பழைய உறவு. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்தது அது. 1992-இல் அங்கே வந்த பயிற்சி நிலையத்தின் பெயரிலேயே ‘லயன்ஸ்’ இருக்கிறது. அதே ஆண்டு அவர்களே கண்ணுக்குள் வைக்கிற லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கியதால்தான், பாலூர் ஆயாவுக்கு இலவசமாக லென்ஸ் வைக்க முடிகிறது. இதெல்லாம் தலைவர் பேச்சில் வராது. அவர் 1925-ஐத் தாண்டுவதற்குள் மைக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஆயாக்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் கோட்டோடு வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, “ஆயா, இப்ப நல்லாத் தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே போனார். போட்டோகிராபர் பின்னாலேயே போனார். நாலாவது ஆயா கண்ணாடியைக் கழற்றி அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

“நீதானா தம்பி அந்த மைக்கு?”

“ஆமா ஆயா.”

“கொரலக் கேட்டுட்டு, ஆளு இன்னும் ஒசரமா இருப்பன்னு நெனச்சிருந்தேன்.”