ரோட்ஸ்டர்காரர்

இங்கிலாந்தில் ஓடுகிற கார் வாசலில் மழையில் நனையும். ஓடாத கார் கராஜுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அப்படி ஒரு போர்வை இருக்கும். அதற்குச் சொந்தக்காரர்தான் நம் ரோட்ஸ்டர்காரர்.

வயது அறுபதைச் சுற்றி. பிள்ளைகள் வேலைக்குப் போயாயிற்று, வீட்டுக் கடன் அடைத்தாயிற்று, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியாயிற்று. நம்மூரில் இந்தக் கட்டத்தில் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புவார்கள். இவர் எம்ஜிபி வாங்குகிறார்.

எம்ஜிபி என்றால் இருவர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிட்டு ஓட்டக்கூடிய, மூக்கு நீண்ட சின்னக் கார். இப்படித் திறந்து ஓட்டுகிற இருவர் காருக்குத்தான் ரோட்ஸ்டர் என்று பெயர். 1962-லிருந்து 1980 வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் என்ற ஊரில் செய்தார்கள். கூரை மூடிய ஜிடி ரகத்தையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போயிற்று. இன்ஜின் 1798 சிசி, சுமார் 95 குதிரைசக்தி. இந்த இன்ஜினோடு நமக்கு உறவுமுறையும் உண்டு. அம்பாசடரில் பல காலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதுவும் பிஎம்சி எனும் பிரிட்டிஷ் கம்பெனியின் பி சீரிஸ் என்ற ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவன் கல்கத்தாவில் டாக்ஸி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினான். இளையவன் கலிஃபோர்னியாவில் தலைமுடி பறக்க ஊர் சுற்றிக்கொண்டிருந்தான். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே ரோட்ஸ்டர்காரர் ஒரு சபதம் எடுத்துவிடுவார்: எல்லாமே ஒரிஜினலாக இருக்க வேண்டும்.

இந்தக் காருக்குத் தனியாக சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே நெடுக ஓடும் சில் என்கிற பெட்டித் தகடுதான் முதுகெலும்பு. துரு முதலில் குடியேறுவதும் அங்கேதான். குறுக்கே முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டி எடுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு ஜென்மத்துக்கும் கதவு ஒழுங்காகச் சாத்தாது. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இதை எச்சரிக்கையாகச் சொல்வார். எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேட்கத் தேவையில்லை, இடது பக்கக் கதவைப் பார்த்தால் போதும்.

1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே புத்தம் புதிய எம்ஜிபி பாடியை முழுசாக அடித்து விற்கிறார்கள். அதை வாங்கியிருந்தால் நாலு குளிர்காலம் மிச்சம். ஆனால் அது ஒரிஜினல் இல்லையே! ஓட்டை விழுந்த தகடுதான் ஒரிஜினல். அவர் கணக்கில் ஓட்டையும் ஒரிஜினல்தான்.

செப்டம்பரில் பியூலி என்ற ஊரில் பழைய உதிரிபாகச் சந்தை கூடும், 1967-லிருந்து நடக்கிறது. வயல்வெளியில் வரிசை வரிசையாகக் கடை. துருப்பிடித்த வீல் கேப், ஊர் பெயர் தெரியாத கார்புரேட்டர், கண்ணாடி உடைந்த ஸ்மித்ஸ் மீட்டர் எல்லாம் தார்ப்பாயில் பரப்பிக் கிடக்கும். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சேற்றில் நடந்து, சாயங்காலம் ஒரு சோக் பித்தானோடு திரும்புவார். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப டாஷ்போர்டில் பிடித்து இழுக்கிற அந்தக் கறுப்புப் பித்தான்தான். புதுசாகச் செய்து விற்பது தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். ஆனால் அதில் எழுத்தின் பருமன் தப்பு என்பார். சந்தைக்குப் போய்வந்த பெட்ரோல் செலவில் அப்படி ஒரு டஜன் வாங்கலாம் என்பது வீட்டம்மாவின் கணக்கு.

எழுத்தின் பருமனுக்கு உயிரை விடுகிற மனிதர் இன்ஜினை மட்டும் ஏன் கழற்றிப் போடுகிறார்?

மோட்டார்வேதான் காரணம். மணிக்கு எழுபது மைலில், ஓவர்டிரைவ் இல்லாத நாலு கியரில், எம்ஜிபி போடுகிற கூச்சல் பக்கத்து மாவட்டம் வரை கேட்கும். சூப்பர்மார்க்கெட் டெலிவரி வேன் பின்னால் வந்து, ஒதுங்கச் சொல்லி லைட் அடிக்கும். போதாக்குறைக்கு, பின்சக்கரத்தருகே டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும் பெட்ரோல் பம்ப் திடீரென்று மௌனவிரதம் பூணும். இறங்கி, மழையில் மண்டியிட்டு, ஸ்பேனரால் செல்லமாக ஒரு தட்டு தட்டினால் மறுபடி டிக் டிக். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போது ரோட்ஸ்டர்காரர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார். காரின் ஆன்மா என்பது ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும்தான் இருக்கிறது. இன்ஜின் வெறும் உடல்.

உடல் எங்கே கிடைக்கும்? மாஸ்டாவில். 1989-இல் வந்த எம்எக்ஸ்-5, லோட்டஸ் இலான் மாதிரியான பழைய இங்கிலீஷ் ரோட்ஸ்டர்களை ஆசை ஆசையாகப் பார்த்து ஜப்பான்காரர்கள் செய்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், எண்ணெய் ஒழுகுவதைத் தவிர. 2016-க்குள் பத்து லட்சம் செய்துவிட்டார்கள். அதன் முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் இன்ஜின், இரட்டை கேம், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், 115 குதிரைசக்திக்குப் பக்கம். காலையில் சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். இந்த வண்டிக்கும் வயதானால் சில்லில்தான் துரு. அப்படி ஒன்றைச் சல்லிசாக வாங்கி எம்ஜிபிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்.

அன்று சாயங்காலம் வீட்டம்மா தேநீர்க் கோப்பையோடு கராஜ் வாசலுக்கு வருவார். இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்ப்பார்.

“இதிலும் ரெண்டு சீட்டுதான் இருக்கு. இதிலும் கூரை மடங்குது. நீங்க சொல்ற இன்ஜின் இதுக்குள்ள ஏற்கெனவே இருக்கு. பேசாம இதையே ஓட்டினா என்ன?”

இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அந்த வீட்டில் இப்படி ஒரு மௌனம் விழுந்திருக்காது. ரோட்ஸ்டர்காரர்கள் நாட்டில் எத்தனை பேர் இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. எனக்குத் தெரிந்தவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, “சர்க்கரை போட்டாயா?” என்று கேட்டார்.

பிறகு வேலை தொடங்கும். எம்எக்ஸ்-5 கியர் பாக்ஸைத் தாங்க பாடியில் தனி மவுண்ட் கிடையாது. கியர் பாக்ஸிலிருந்து பின் டிஃபரன்ஷியல் வரை ஓர் அலுமினியச் சட்டம் ஓடி இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். எம்ஜிபிக்குள் வரும்போது அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை. கியர் பாக்ஸ் அந்தரத்தில் ஆடும். அதற்கொரு தாங்கி செய்ய வேண்டும். கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையைக் கத்தரித்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கத்தரித்து, அப்புறம்தான் இரும்பில் வெட்டுவார். வேலை மும்முரமான வாரங்களில் அந்த வீட்டில் மூன்று வேளையும் கார்ன்ஃப்ளேக்ஸ். இடத்துக்கு இடம் இன்ஜின் இடிக்கும். இடிப்பதை வெட்டி ஒட்டுவார். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் அளவு பார்த்துப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். பழைய எம்ஜிபி இஞ்ச் கணக்கு, மாஸ்டா மில்லிமீட்டர் கணக்கு. அரை இஞ்ச் ஸ்பேனர் பதின்மூன்று மில்லிமீட்டர் நட்டில் நுழையாது; பதின்மூன்று ஸ்பேனர் அரை இஞ்ச் நட்டில் ஜம்மென்று நுழைந்து, முனைகளை மழித்துவிட்டு வெளியே வரும். முடிவில் கார் முன்பாதி ஜப்பான், பின்பாதி இங்கிலாந்து. கதவுக்கு நேராக எல்லைக்கோடு.

வயரிங் கதை தனி. மாஸ்டாவிலிருந்து உருவிய வயர்க் கட்டு சாப்பாட்டு மேஜை மேல் ஏறி, கிறிஸ்துமஸைத் தாண்டியும் இறங்காது. ஒவ்வொரு முனையிலும் ஒரு காகித டேப். டேப்பில் அவர் கையெழுத்து. ‘பெட்ரோல் பம்ப்’, ‘ஃபேன்’ என்று தெளிவாகத் தொடங்கி, ‘பச்சையா நீலமா?’ என்று தடுமாறி, கடைசியில் வெறும் கேள்விக்குறிகளாக நிற்கும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் ஹெட்லைட் தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி மேலே வரும். எழுப்புகிற மோட்டாருக்கான வயர்களும் கட்டில் இருக்கும். எம்ஜிபியின் ஹெட்லைட்டோ பிறந்ததிலிருந்து கண் மூடியதில்லை. இது தெரியாமல் அந்த வயர்கள் எதற்கென்று வாரக்கணக்கில் தேடியவர்கள் உண்டு.

ஒருவழியாக இன்ஜின் பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். இனிமேல்தான் அவருடைய உண்மையான கலை. புது இன்ஜின் இருப்பதே தெரியக் கூடாது. மாஸ்டா என்ற எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு எம்ஜி-யின் எண்கோண முத்திரையைப் பொருத்துவார். கம்ப்யூட்டர் பெட்டி டாஷ்போர்டுக்குப் பின்னால் பதுங்கும். பிளாஸ்டிக் குழாயில் வரவேண்டிய வயர்களுக்கெல்லாம் பழைய காலத்துக் கறுப்புத் துணி டேப் சுற்றப்படும். பியூலியிலிருந்து வந்த சோக் பித்தானுக்கு இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் வேலை ஏது? அதை ரேடியேட்டர் ஃபேனுக்கு சுவிட்சாக்கிவிடுவார். விருந்தாளி பக்கத்தில் உட்கார்ந்தால், சாவியைத் திருப்பும் முன் பித்தானை இழுத்து, தலையைச் சாய்த்துக் காது கொடுத்து, பழைய கார் ஓட்டுகிறவரின் கவலையை முகத்தில் வரவழைத்துக்கொள்வார். முன்னால் ஃபேன் சுற்றும்.

இவ்வளவு பாடுபட்டு மறைத்த மனிதர் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியதும் செய்கிற முதல் வேலை பானெட்டைத் திறப்பது. பெட்ரோல் மூடி பின்னால் இருக்கிறது. ஆனாலும் பானெட் திறக்கும். யாராவது எட்டிப் பார்க்கும் வரை ஆயில் கம்பியை உருவித் துடைப்பார், செருகுவார், மறுபடி உருவுவார். “பழைய இன்ஜினா சார்?” என்று கேட்டால் போதும், ‘உனக்கு மட்டும் சொல்கிறேன்’ என்ற குரலில் முக்கால் மணி நேரம்.

எட்டிப் பார்ப்பவர் ஒரிஜினல் கட்சிக்காரராக இருந்தால்தான் ஆபத்து. கார்க் கண்காட்சிகளில் டார்ச் லைட்டோடு அலைகிற அவர், எம்ஜிபிக்குள் மாஸ்டாவைக் கண்டால் கருவறைக்குள் செருப்பைக் கண்டதுபோல் பின்வாங்குவார். அவரைச் சமாளிக்க ரோட்ஸ்டர்காரரிடம் சாஸ்திரப் பிரமாணங்கள் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்திலேயே கென் காஸ்டெல்லோ என்பவர் எம்ஜிபிக்குள் ரோவர் வி8 இன்ஜினை ஏற்றி விற்றார். அதைப் பார்த்து 1973-இல் கம்பெனியே ஜிடி ரகத்தில் அதே வேலையைச் செய்தது. அந்த ரோவர் இன்ஜினும் அமெரிக்க ப்யூக் வடிவமைத்தது. தொண்ணூறுகளில் எம்ஜி ஆர்வி8 என்று மறுபடி செய்தபோது பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. “அவர்கள் நம் காரை வாங்கினார்கள், நான் அவர்கள் இன்ஜினை வாங்கினேன், கணக்கு தீர்ந்தது” என்பார். அரசாங்கமும் தன் கட்சி என்பது அவர் வாதம். மாற்றியமைத்த காரின் அடையாளத்தை முடிவு செய்ய பிரிட்டிஷ் வாகனப் பதிவு அலுவலகம் பல ஆண்டுகள் ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருந்தது: பாடிக்கு ஐந்து, சஸ்பென்ஷன், ஆக்ஸில், ஸ்டீயரிங், கியர் பாக்ஸ் தலைக்கு இரண்டு, இன்ஜினுக்கு ஒன்றே ஒன்று. எட்டு வாங்கினால் பாஸ்.

அம்பாசடர் நாட்டிலிருந்து வந்தவன் என்ற முறையில் நானும் ஒரு பிரமாணம் எடுத்துக் கொடுத்தேன். 1992-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடருக்குள் 1.8 லிட்டர் இசுஸு இன்ஜினை வைத்து ஷோரூமிலேயே விற்றது: பிரிட்டிஷ் உடம்பு, ஜப்பான் இன்ஜின். கம்பெனியை விடுங்கள், நம்மூர் மெக்கானிக்குகள் புளியமரத்தடியில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பெட்ரோல் அம்பாசடருக்கு டீசல் இன்ஜின் மாட்டிக் கொடுத்தார்கள். கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டைகூட இல்லாமல். யாரும் ஆன்மாவைப் பற்றிப் பேசவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்டார்கள். ரோட்ஸ்டர்காரர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “அந்த இசுஸுவில் சோக் பித்தானை வைத்திருந்தார்களா?” என்றார்.

கழற்றிய பழைய இன்ஜினை விற்றுவிட்டார் என்றா நினைத்தீர்கள்? கராஜ் மூலையில் எண்ணெய்த் துணி சுற்றி உட்கார்ந்திருக்கிறது. “எப்போது வேண்டுமானாலும் ஒரிஜினலுக்குத் திரும்பிவிடலாம், காரில் ஒரு தகட்டைக்கூட வெட்டவில்லை” என்பார். வெட்டிய தகடுகள் அதே மூலையில், அதே துணிக்குப் பக்கத்தில், காப்பிக் குவளை வைக்கப் பயன்படுகின்றன.

எனக்கு இவர்களைப் பிடிக்கும். ஆகவே, இங்கிலாந்துப் பக்கம் வரும்போது ஒரு ரோட்ஸ்டர்காரர் உங்களை ஒரு ரவுண்டு கூப்பிட்டால் யோசிக்காமல் ஏறிவிடுங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மழை வரும், கூரையை மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். இடது பக்கக் கதவை ஓங்கிச் சாத்த வேண்டும். பித்தானை இழுக்கும்போது ஃபேன் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் பாருங்கள். மாஸ்டா ஓட்டுகிற நண்பர் யாராவது கூட வந்திருந்தால் மட்டும் அவரை ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.