சூடு ஆறட்டும்!

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பார்பிக்யூ. இன்று புதன். அடுப்பு இன்னும் முற்றத்துத் தென்னை மூட்டில் அதே கோலத்தில்தான் நிற்கிறது. கம்பியில் பாறை மீனின் தோல் ஒட்டிக் கருகிக் கிடக்கிறது. காக்கை வந்து ஒரு கொத்து கொத்திப் பார்த்து, தனக்கு ஆகாது என்று போய்விட்டது. இடுக்கி பிடித்துச் சுட்டவர்களில் பாதிப் பேர் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டார்கள். மீதிப் பேர் நாகர்கோவிலிலேயே தலைமறைவாக இருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு? வடசேரிச் சந்தைக்கு மீன் வாங்க வந்துதானே ஆகவேண்டும்.

இந்த அடுப்பை மழையிலும் உப்புக்காற்றிலும் துருவேறாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று நாலு பேருக்கு உபயோகமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கட்டாயம் எழுதிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம்.

கடைசித் துண்டு தட்டுக்குப் போன நொடியில் யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். எங்கள் வீட்டில் மருமகப்பிள்ளை சொன்னார்: “இருக்கட்டு மாமா, இப்பம் தொட்டா கை பொள்ளீரும். சூடு ஆறட்டு, நாங்க பாத்துக்கிடுதோம்.”

சரி, அடுப்பு ஆறுவதற்காகச் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பிட்டதும் வயிறு ஆறவேண்டும் என்று ஆளுக்கு இரண்டு மட்டிப்பழம் தின்றோம். பழம் தின்றவர்கள் உடனே குனிந்து நிமிரக்கூடாதாம். அதனால் பேச்சு. பேச்சு ரப்பர் விலையில் தொடங்கி துபாய் வாடகையில் முடிந்தபோது இருட்டிவிட்டது. இருட்டில் அழுக்கு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? காலையில் பார்க்கலாம். காலையில் போனால் கம்பியெல்லாம் பனி ஈரம். ஈரத்தில் தேய்த்தால் கரி அப்பிக்கொள்ளும், வெயில் ஏறட்டும் என்றான் மகன். வெயில் ஏறியது. உச்சி வெயிலில் இரும்பைத் தொட முடியுமா? சூடு ஆறட்டும்! சாயங்காலம் ஆறியது. அந்த நேரம் பார்த்து ஒரு மழை. மழை விடட்டும். விட்டது. விட்டால் ஈரம், ஈரம் போக வெயில், வெயில் வந்தால் சூடு. இந்தக் கணக்குப்படி பார்த்தால், இந்த அடுப்பைத் தேய்ப்பதற்கான முகூர்த்தம் பஞ்சாங்கத்திலேயே கிடையாது. பெண் பார்த்து நிச்சயம் செய்து கல்யாணமே முடித்துவிடலாம், கம்பி ஒன்றைத் தேய்ப்பதற்கு மட்டும் நல்ல நேரம் வாய்க்காது. ஆறவேண்டியது அடுப்பு மட்டும்தானா? “ஆத்திரம் கொஞ்சம் ஆறட்டும், பொறவு பேசலாம்” என்று நேற்று போனில் எனக்கே சொல்லிவிட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், சூடு இருக்கும்போதுதான் தேய்க்கவேண்டும். கொழுப்பு அப்போது இளகி இருக்கும், ஒட்டிய தோலும் மசாலாவும் கருகிப் பொடியாகி நிற்கும். இறைச்சியை இறக்கிய கையோடு மூடியைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு, நீளக் கைப்பிடி வைத்த எதைக்கொண்டாவது நாலு இழுப்பு இழுத்தால் போதும். ஆறவிட்டால் அதே கொழுப்பு இறுகித் தார்போல் பிடித்துக்கொள்ளும். அடியில் கிடக்கும் சாம்பல் அதைவிட மோசம். காற்றின் ஈரத்தை இழுத்துக் காரக் குழம்பாகித் தகட்டையே தின்னத் தொடங்கிவிடும். ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை கடலைக் கட்டிக்கொண்டு கிடக்கும் மாவட்டம் இது. ஆனி ஆடியில் ஒரு மழைக்காலம், ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. இரும்பு இங்கே பிழைப்பதே பெரும்பாடு.

இதையெல்லாம் அடுக்களை வாசலில் நின்று முழங்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: “ஒரு அடுப்புக்கு இந்தப் பாடு படுதியளே, நான் இத்தன வருசமா மூணு நேரமும் சட்டி தேச்சது எந்தப் பத்திரிகையில வந்துது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே சிகாகோவுக்குப் போவோம்.

1952-ல் அங்கே வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தண்ணீரில் மிதக்கவிடும் உலோக மிதவையைப் பாதியாக வெட்டி, கீழ்ப்பாதியில் கரி போட்டு, மேல்பாதியை மூடியாக்கினார். உலகமெங்கும் முற்றங்களில் நிற்கும் உருண்டை அடுப்பின் பிறப்பு அதுதான். மிதவைக் குலத்தில் பிறந்தும் இங்கே இரண்டு வருசம் தாங்கவில்லையே என்று யோசித்தேன். சிகாகோவில் இருப்பது மிச்சிகன் ஏரி, நல்ல தண்ணீர். முட்டத்துக் காற்றை அந்த மனுசன் கண்டதில்லை.

நம் ஆட்கள் சுடாதவர்களா? கொல்லாங்கொட்டையை ஓலையைப் போட்டுக் கொளுத்திச் சுட்டோம். தோட்டின் எண்ணெய் சீறிப் பற்றிக்கொள்ளும், தள்ளி நிற்காவிட்டால் தோல் பொத்துவிடும். மரச்சீனிக் கிழங்கைத் தணலில் புதைத்தோம், கருவாட்டைச் சிரட்டைக் கனலில் வாட்டினோம். முடிந்ததும் சாம்பலைத் தென்னை மூட்டில் தட்டினால் வேலை தீர்ந்தது. கம்பியும் இல்லை, கழுவலும் இல்லை. இப்போது முற்றமெல்லாம் சிரட்டை கிடக்க, சிரட்டைக் கரியையே பாக்கெட்டில் போட்டுக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள்.

அடுப்போடு ஒரு கம்பி பிரஷ்ஷும் வந்தது. அதை நான் பரணில் ஏற்றிவிட்டேன். உதிரும் கம்பி இழை இறைச்சியோடு தொண்டைக்குள் போய்விடும். 2002 முதல் 2014 வரை அமெரிக்காவில் சுமார் 1,700 பேர் இப்படி அவசர சிகிச்சைக்குப் போனதாக ஒரு மதிப்பீடு உண்டு. கதம்பையைக் குத்தி நீளக் கம்பில் கட்டினால் கரி வந்துவிடும், தொண்டையும் பிழைக்கும்.

தேய்த்த பிறகு எண்ணெய் பூசவேண்டும். 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழகத்தோடு சேர்ந்தோம், தேங்காய் எண்ணெயை விட்டு வரவில்லை. அதையே கம்பியிலும் பூசுகிறார்கள். பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு அது, இறுகிப் படலமாகாது. நல்லெண்ணெய் மேல், ஆளிவிதை எண்ணெய் அதைவிட மேல்.

துருவைப் பற்றி எழுதுவதற்குள் பக்கம் தீர்ந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் முற்றத்திலும் புகை எழும்பத்தான் போகிறது. ஒரு வேண்டுகோள்: இடுக்கி பிடித்தவர் கம்பியைத் தேய்த்து முடிக்கும்வரை அவருக்குச் சோற்றுத் தட்டைக் கொடுக்காதீர்கள், அவர் மருமகனே ஆனாலும்.