மனசுக்கு யார் பூட்டுப் போடுவது?

கேள்வி: பேசாமல் இருந்து ஜெபிக்கும் ஞான ஒடுக்கத்துக்குப் போனேன். வாய் மூடிவிட்டது, மனசு மூடவில்லை. கற்பனை ஓடினால் அது ஜெபமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: வாயைப் பூட்டியதும் மனசு மைக்கைப் பிடித்துக்கொள்ளும்; யாருக்கும் அப்படித்தான். இயேசு சபையைத் தொடங்கிய புனித லொயோலா இஞ்ஞாசியார் அதை அடக்கவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார். 1521-இல் பாம்பலோனா போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. படுக்கையில் வீரசாகசக் கதைகள் கேட்டார். கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் கதைகளும். பகல்கனவு நிற்கவில்லை, கதாநாயகர்தான் மாறினார். அவருடைய 30 நாள் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’, பெத்லகேம் பாதை மேடா பள்ளமா, இயேசு பிறந்த குகை எவ்வளவு உயரம் என்று மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறது. நீங்களும் அங்கே எடுபிடியாகப் போய் நில்லுங்கள். குழந்தை தூங்குகிறது, சத்தம் தானே அடங்கிவிடும்.